கூரை மேல் நின்றவர்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். மத்திய சர்க்காரில் பணிக்காலம் முழுவதும் கோப்பு தள்ளிய ரத்தினவேலுக்கு அந்த எலியின் அதிர்ஷ்டம்கூட இருக்கவில்லை. தலைநகரின் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் என்கொயரி ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஆள் அனுப்புவார்கள். அந்த ஆள் டீ குடித்துவிட்டு, கல் ஆவூங்கா, நாளைக்கு வருகிறேன், என்று சொல்லிப் போய்விடுவான். கடைசியில் இவரே செருப்பால் தட்டி அடிப்பார், ஆணி சுவரோடு பெயர்ந்து வரும். அதனால்தானோ என்னவோ, ஆபீஸ் விட்டு வந்ததும் கிராஃப் தாளை விரித்து வைத்துக்கொண்டு, என்றைக்கோ கட்டப்போகும் தன் வீட்டை வரைவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அக்கம்பக்கத்து ஆண்கள் சீட்டாடினார்கள், இவர் வீடு வரைந்தார்.

அவர் மனைவி உஷாராணி அந்தப் படத்தில் மாடிப்படி இடம் மாறியதைப் பார்த்திருக்கிறாள், பூஜை அறை மூலைக்கு மூலை அலைந்ததையும் பார்த்திருக்கிறாள். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், கூடத்தில் மேற்கே பார்த்த ஒரு பெரிய ஜன்னல். அதன் முன்னால் ஒரு நாற்காலியையும் வரைந்து வைத்திருந்தார். வீட்டுப் படத்தில் நாற்காலி வரைகிற மனுஷனை அவள் வேறு எங்கும் கண்டதில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், தொண்ணூறுகளின் கடைசியில், சத்தர்பூர்ப் பண்ணை வீடுகளையெல்லாம் தாண்டி, ஹரியானா எல்லைக்கு இந்தப் பக்கம் பீர்கேடா என்ற கிராமத்தின் ஓரத்தில் நிலம் வாங்கினார்கள். சுற்றிலும் கடுகு வயல், கருவேலங்காடு, மேற்கே மொட்டையாகக் கிடக்கும் பாறைக்குன்று. கட்டட வேலை ஜவ்வாக இழுத்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கெடு முன்னால் வந்துவிட்டது. வாடகை வீடு வேண்டாம், பாதி வீட்டிலேயே குடிபோய்விடலாம் என்றார் ரத்தினவேல். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவன்கூட, கட்டுகிற வீட்டுக்குள்ளேயே குடியிருந்து பார் என்று சொல்லத் துணியவில்லை. இவர்கள் துணிந்தார்கள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பதில் உஷாராணிக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் பக்கத்துக்காரர்கள் கட்டடத்தில் ஒரு கறுப்புச் சட்டியில் கோர முகம் வரைந்து தொங்கவிடுவதோடு சரி. அவளுக்கு அது போதவில்லை. அவள் பிறந்த அருப்புக்கோட்டைப் பக்கம் திருஷ்டி பொம்மை என்றால் முழு ஆளாகவே வைக்கோலில் கட்டி நிறுத்துவார்கள். அஸ்திவாரம் போட்ட கையோடு அவளும் ஒன்று கட்டினாள். சித்தாள் வேலைக்கு வந்து மனையிலேயே குடிசை போட்டுக்கொண்ட கள்ளக்குறிச்சிக்காரி ஆராயி வைக்கோல் பிடித்துக் கொடுக்க, அவள் புருஷன் காத்தவராயன் மூங்கிலைக் குறுக்கே கட்டினான். மண்பானைத் தலையில் சுண்ணாம்பு பூசி, கரியால் கண்ணும் மீசையும், வாய்க்கு நேராக ஒரு கோடும் இழுத்தாள் உஷாராணி. போட்டுவிடத் துணி தேடியபோது, டிரங்குப் பெட்டியில் ரத்தினவேலின் பழைய சாம்பல் நிற சஃபாரி சூட் அகப்பட்டது. கைக்கு, அவர் குளிர்காலத்தில் ஸ்கூட்டர் ஓட்டும்போது போடும் கம்பளி உறை. தலை தவிர மற்றதெல்லாம் அவரேதான் என்று எல்லாரும் சிரித்தார்கள். ரத்தினவேலும் சிரித்தார். பொம்மையைச் சாலையைப் பார்க்க நிறுத்தினார்கள். கட்டடம் உயர உயர அதையும் ஏற்றி, கடைசியில் மொட்டை மாடியின் முன் மூலைக்கே கொண்டுபோனார்கள்.

பொம்மையை முச்சந்தியில் எரித்த பிறகுதான் வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், அதுதான் முறை. குடிவரும் நாளன்று ரத்தினவேல் அதை நினைவுபடுத்தத்தான் செய்தார். கட்டடமே முடியவில்லை, கண் வைக்கிறவர்கள் மட்டும் முடித்துவிட்டார்களா என்று உஷாராணி கேட்டாள். அது நியாயமாகப் பட்டதால் அவரும் விட்டுவிட்டார். இப்படியாகப் பொம்மை மேலே நிற்க, கீழே பால் பொங்கியது. வீட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஆராயி பாலை ஊற்றி வைத்தாள். எல்லாரும் எடுத்துக்கொண்ட பிறகு ஒரு டம்ளர் மிஞ்சியது. தலையை எண்ணித்தானே ஊற்றினேன் என்று அவளுக்கே குழப்பம். பின்னால், எரிக்க வேண்டாம் என்று சொன்ன வாய் தன்னுடையதுதான் என்பதை நினைத்து நினைத்து உஷாராணி தன்னையே திட்டிக்கொண்டாள்.

குடிவந்த வீட்டில் சமையலறைக்கும் ஓர் அறைக்கும் மட்டும்தான் கதவு. ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் பிளாஸ்டிக் ஷீட். மே மாதத்தில் ஆந்தி என்கிற புழுதிப்புயல் அடித்தால் சாம்பாரில் ராஜஸ்தானே இறங்கிவிடும். காலையில் இவள் சுப்ரபாதம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கொத்தனார்கள் நமஸ்தே மாதாஜி என்று சொல்லியபடி படுக்கையறை வழியாகச் சிமெண்ட் சட்டியோடு போவார்கள். ஒரு தடவை கூடத்துக்குள் வந்த மயில் திரும்பிப்போக வழி தெரியாமல் சாயங்காலம்வரை அங்கேயே உலாத்தியது. உஷாராணி அலுத்துக்கொண்டாளே தவிர, மனசுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான். ரத்தினவேல் சின்னப் பையனைப் போல லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூசின சுவருக்கெல்லாம் தானே தண்ணீர் அடித்தார்.

நிலத்தை விற்ற சௌத்ரிக்கு வயசும் ஆகிவிட்டது, கண்ணும் மங்கல். எருமைகளை ஓட்டிக்கொண்டு அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் மாடியைப் பார்த்து ராம் ராம் ஜி என்று கும்பிடுவார். பொம்மைக்குக் கும்பிடு போடுகிறாரே என்று வீட்டில் ஒரே சிரிப்பு. ஒரு நாள் அவர் வாசலுக்கே வந்து உஷாராணியிடம் குறைப்பட்டுக்கொண்டார். மாடியில் நிற்கிற சாப் தினமும் பதிலுக்குக் கை கூப்புவாராம், நேற்று மட்டும் கூப்பவில்லையாம், தன் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார். முந்தின நாள்தான் காற்றுக்குப் பொம்மையின் கை அவிழ்ந்துவிடாமல் இருக்கக் காத்தவராயன் இரண்டு கையையும் இறுக்கிக் கட்டியிருந்தான். உஷாராணி இதை ரத்தினவேலிடம் சொல்லிச் சிரிக்கலாமென்று நினைத்திருந்தாள். என்னவோ, சொல்லவில்லை.

மழைக்கு முன்னால் மாடியில் கைப்பிடிச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று ரத்தினவேல் அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, மேலே அடுக்கியிருந்த செங்கல்லில் ஒன்று சரிந்தது. அவருடைய வலது தோளிலேயே விழுந்து தெறித்ததை உஷாராணி சமையலறை வாசலிலிருந்து தன் கண்ணால் பார்த்தாள். அலறிக்கொண்டு ஓடினாள். சட்டையை விலக்கிப் பார்த்தால் தோளில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடு" என்றார் ரத்தினவேல். கையைச் சுழற்றிக் காட்டினார்.

துணி எடுக்க மாடிக்குப் போனவள் பொம்மையைப் பார்த்து நின்றுவிட்டாள். அதன் வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் கை விட்டுத் தடவினாள். கட்டைவிரல் பருமன் மூங்கில், தோள் மூட்டு இருக்கிற இடத்தில் சரியாக முறிந்திருந்தது. குரங்கு ஆட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குரங்கு அந்தப் பக்கம் வந்து அவள் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு ரத்தினவேல் ஒரு நல்ல புருஷனாகிவிட்டார். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. உப்புக் கூடிவிட்டது, காப்பி ஆறிவிட்டது, வெயில் மண்டையைப் பிளக்கிறது என்ற பேச்சே இல்லை. வைத்ததைச் சாப்பிட்டார். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தாலும் ஒரே மடக்கில் குடித்தார். ஜூன் மாத மத்தியானத்தில் செருப்பில்லாமல் மாடியில் நடந்தார். சொந்த வீடு வந்ததும் மனுஷனுக்கு நிறைவு வந்துவிட்டது என்று ஆராயியிடம் பெருமையாகச் சொன்னாள். ஆராயி இப்போதெல்லாம் மாடிக்குப் போனால் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வதை உஷாராணி கவனித்தாள். முன்பெல்லாம் ஐயா எதிரில் வந்தால்தான் அப்படிச் செய்வாள்.

மழை நின்று கொசு பெருகிய காலத்தில் ஊரெங்கும் காய்ச்சல். ரத்தினவேல் ஒரு மத்தியானம் படுத்தார். நெற்றியில் தோசை வார்க்கலாம் போல இருந்தது. உஷாராணி பதறிப்போய், டாக்டரை அழைத்து வர ஊருக்குள் ஓடினாள். டாக்டர் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் அவர் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நெற்றி பச்சைத் தண்ணீர். அவளுக்கு என்ன தோன்றியதோ, நேரே மாடிக்குப் போனாள். மழை பெய்து பல நாளாகியிருந்தது, தரை காய்ந்து கிடந்தது. பொம்மையின் முதுகுப் பக்கம் சஃபாரி சட்டை தொப்பலாக நனைந்து ஒட்டியிருந்தது. கை வைத்தாள். காய்ச்சல்காரன் உடம்பு எப்படிச் சுடுமோ அப்படிச் சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

பயம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு நன்றிதான் வந்தது. அவருக்கு வருவதையெல்லாம் இது வாங்கிக்கொள்கிறது என்றால் வேறென்ன வேண்டும்? பொம்மை செய்வதே அதற்காகத்தானே. ஈரச் சட்டையைப் பிழிந்து காயப்போட்டு மறுபடி மாட்டினாள். முறிந்த கைக்குப் புது மூங்கில் வைத்தாள். மேலே மழை படாமல் தார்ப்பாய் கட்டச் சொன்னாள். விசேஷ நாளில் பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி அதன் காலடியில் வைத்துவிட்டு வந்தாள், காக்கைக்கு என்று சொல்லிக்கொண்டு. காக்கை எதுவும் தொடவில்லை. ஆனால் கிண்ணம் காலியாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் அந்த மேற்கு ஜன்னலைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். நேரு பிளேஸ் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்த மகள் கனிமொழி அதைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தாள். கண்ணாடி வழியாகக் குன்றும், அதன் மேல் இறங்குகிற சூரியனும், அவர் வரைந்தது வரைந்தபடி வந்து நின்றன. ரத்தினவேல் முன்னால் போய் நின்று பார்த்தார். "அச்சா" என்றார். பிறகு மிஸ்திரியிடம் கொக்கி சரியாக விழுகிறதா என்று கேட்கப் போய்விட்டார்.

"அப்பா ஏன் இப்படி ஆயிட்டார், அம்மா? சிரிக்கவே மாட்டேங்கறார்" என்றாள் கனிமொழி. கொஞ்சம் யோசித்துவிட்டு, மாடியில் இருக்கிற அந்த பூத்தை, அந்தப் பேயை, முதலில் எடுத்துப் போடச் சொன்னாள்.

மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த உஷாராணி, கேட்டில் நின்று மாடியைப் பார்த்தாள். சாலையைப் பார்க்கக் கட்டியிருந்த பொம்மை மேற்கே திரும்பிக் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று திருப்பியிருக்கலாம். தார்ப்பாய்க்குள் புகுந்த பனி ஈரத்தில் சுண்ணாம்பும் கரியும் வழிந்து, அவள் நேராக இழுத்த வாய் இரண்டு பக்கமும் மேலே வளைந்திருந்தது. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், முதல் முதலாக அந்த ஜன்னலை வரைந்து காட்டியபோது அவர் முகத்தில் பார்த்த சிரிப்பு.

மார்கழிப் பனியில் ஒரு காலை, டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ரத்தினவேல் அப்படியே படியில் உட்கார்ந்தார். உதடு நீலமாகிவிட்டது. உஷாராணி கத்திக் காத்தவராயன் ஓடி வருவதற்குள் எழுந்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னவரை வலுக்கட்டாயமாக வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே எல்லா சோதனையும் செய்து, இந்த வயசில் இப்படி ஒரு இருதயமா, இளவட்டம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு வந்ததும் அவள் மாடிக்குப் போய்ப் பொம்மையின் பொத்தான்களைக் கழற்றினாள். நெஞ்சில் இடது பக்கம், ஒரு கைப்பிடி அளவுக்கு வைக்கோல் கரியாகியிருந்தது. சட்டையில் ஒரு பொறி பட்ட அடையாளம் இல்லை. விரல் வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் பொத்தான்களைப் போட்டுவிட்டு அதன் காலடியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே குறி, வீடு முடியக் கூடாது. முடிந்தால் முறைப்படி கிரகப்பிரவேசம், கிரகப்பிரவேசம் என்றால் அதற்கு முன்னால் பொம்மையை எரித்தாக வேண்டும். ரத்தினவேல் தையில் நாள் பார்த்துவிட்டார். அவள் பெயிண்ட் நிறம் பிடிக்கவில்லை என்றாள். ஒட்டின டைல்ஸைப் பெயர்க்கச் சொன்னாள். சமையலறை மேடை அரை அடி உயரம் அதிகம் என்று இடிக்க வைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மிஸ்திரிகள் தங்கள் பாஷையில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் கவலைப்படவில்லை.

நாள் நெருங்கிய ஒரு முற்பகலில், அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது ரத்தினவேல் சமையலறைக்கு வந்தார். நாளைக்கு எல்லா வேலையும் நிறுத்தம், வீடு முடிந்தது, பொம்மையை இறக்கக் காத்தவராயனிடம் சொல்லிவிட்டேன் என்றார்.

உஷாராணி கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். செங்கல்லிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள். கை, காய்ச்சல், நெஞ்சு.

"அத எரிச்சா நீங்க போயிருவீங்க" என்றாள்.

அவர் கேலி செய்வார், மூடநம்பிக்கை என்பார், அதற்குப் பதில் வைத்திருந்தாள். ரத்தினவேல் கேலி செய்யவில்லை.

"இப்ப நான் இங்கதான் இருக்கேன்னு நெனைக்கிறியா?" என்றார்.

கேட்டுக்கொண்டே வலது உள்ளங்கையைக் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் வைத்தார். வைத்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார். அவர் கண் சிமிட்டக்கூட இல்லை. உஷாராணி இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை வெள்ளையாக, ரேகை ரேகையாக, அப்படியே இருந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆராயி கூச்சல் போட்டாள். மாடிப்படி வழியாக வைக்கோல் கருகும் வாசனை இறங்கி வந்தது.

மேலே போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இரண்டு பேருக்கும் இல்லை. அவர் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே தரையில் உட்கார்ந்தார். அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"செங்கல் விழுந்தப்போ ஒண்ணும் தெரியல. தப்பிச்சேன்னுதான் இருந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணாப் போச்சு, உஷா. உப்பு போச்சு, சூடு போச்சு. அந்த ஜன்னல் முன்னால போய் நின்னேன். எத்தனை வருஷமா வரைஞ்ச ஜன்னல். சிமெண்டு மூட்டையப் பாக்குற மாதிரி இருந்துச்சு. அடிய மட்டும் அது வாங்கிக்கல. எல்லாத்தையும் வாங்கிக்குது. என் வீட்ட அதுதான் மேல நின்னு பாத்துட்டு இருக்கு. நான் கீழ சௌக்கிதார் மாதிரி காவல் சுத்திட்டு இருக்கேன்."

குறை சொல்லாத புருஷன் கிடைத்தான் என்று ஊரெல்லாம் பெருமையடித்த தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது உஷாராணிக்கு. பக்கத்திலேயே படுத்து, பக்கத்திலேயே சாப்பிட்டு, அவர் இல்லாமல் போனதைக்கூடக் கவனிக்கவில்லையே. மேலே நின்றதற்கல்லவா பாயசம் வைத்தாள்.

"முடிஞ்ச வீட்டுல ஒரே ஒரு நாள் எனக்கு ஒறைக்கணும். குளிரட்டும், சுடட்டும், என்னவாச்சும் ஆகட்டும்" என்றார் அவர்.

"அந்த ஒரு நாளைக்கு அப்புறம்?"

"அது எனக்குத் தெரியாது."

அன்று முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை. கோபம் அவர் மேலா, பொம்மை மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. எதையும் உணராத மனுஷனைப் பத்து வருஷம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. அப்படி வைத்துக்கொள்ளத்தான் அவளுக்கு ஆசையாகவும் இருந்தது. அந்த ஆசையை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. சாயங்காலம் அவர் தட்டில் வேண்டுமென்றே உப்பே போடாத ரசத்தை ஊற்றினாள். அவர் பிசைந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். கற்பூரம் எங்கே இருக்கிறது என்று அவள் தேடத் தொடங்கினாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் பொழுது சாய்வதற்கு முன்னால் பொம்மையை இறக்கினார்கள். வைக்கோல்தானே என்று தனியாகத் தூக்கப்போன காத்தவராயன் தடுமாறி, மிஸ்திரியைத் துணைக்குக் கூப்பிட்டான். "ஆளு கனம் கனக்குதும்மா" என்றான். இரண்டு பேரும் தலைமாட்டிலும் கால்மாட்டிலுமாகப் பிடித்துச் சாலை பிரிகிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆராயி கூட வரமாட்டேன் என்று குடிசைக்குள் போய்விட்டாள்.

ரத்தினவேல் தீப்பெட்டியை எடுத்தார். உஷாராணி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கட்டினது நான், நானே வைக்கிறேன் என்று சொன்னாள். கற்பூரத்தை ஏற்றி அந்தக் கரிந்த நெஞ்சின் மேல் வைக்கும்போது, பானை முகத்தைப் பார்க்கக் கூடாதென்று நினைத்தும் பார்த்துவிட்டாள். அது சிரிக்கவில்லை. விட்டுவிட்டுப் போக மனசில்லாதவர்கள் வாசலில் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த முகம்.

தீ சட்டையைப் பிடித்தது. பக்கத்தில் நின்ற ரத்தினவேல் "ஆ" என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், அது சிவந்து கொப்பளித்துக்கொண்டிருந்தது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் சிரித்தது. எருமைகளோடு வந்த சௌத்ரி நெருப்பைப் பார்த்ததும் நின்றார். யார் எவர் என்று எதுவும் கேட்கவில்லை. ஓரத்தில் கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டு, கையைக் கூப்பிவிட்டுப் போனார். சிதையில் ஆளுக்கொரு குச்சி போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். உஷாராணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் ரத்தினவேலைப் பிடிக்க முடியவில்லை. நல்ல கையால் ஒவ்வொரு சுவரையும் தடவினார். தரை ஜில்லென்று இருக்கிறது என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். காப்பியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கிறாயே என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு உஷாராணிக்கு அழுகை பொங்கியது. பிறகு மேற்கு ஜன்னல் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பனிக்குள் சூரியன் குன்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் விசும்புவது முதுகு குலுங்குவதிலிருந்து தெரிந்தது. அவள் கிட்டே போகாமல் அவர் அழுது முடிக்கட்டும் என்று நின்றாள்.

கையில் மருந்து போடப் போனபோது தொட்டுப் பார்த்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"குளிருது" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள். முதலில் தோளும் கையும், அடுத்தது காய்ச்சல். பொம்மை வாங்கி வைத்தது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது என்னவென்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். காத்தவராயனை வண்டி கொண்டுவர அனுப்பியிருந்தாள். அந்தப் பனியில் வண்டி எப்போது வருமோ. காலையில் கனிமொழி வருவாள், கிட்வாய் நகரிலிருந்து எல்லாரும் வருவார்கள்.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போர்வைக்குள் கை விட்டு அவர் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது அடித்துக்கொண்டிருந்தது.

"வீடு நல்லா வந்திருக்குல்ல, உஷா?"

"நல்லா வந்திருக்கு."

"இன்னொரு வாய் காப்பி கொடேன். சர்க்கரை கம்மியா."

உஷாராணி எழுந்திருக்கவில்லை. கையை எடுக்காமலே, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி ஆராயியைக் கூப்பிட்டாள்.